அன்னக்கிளிக்கு முன் பாடியவர்கள்

1976 மே 14 அன்று 'அன்னக்கிளி' வெளியானது. கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் தேவராஜ்–மோகன்; திரைக்கதையும் பாடல்களும் பஞ்சு அருணாசலம்; நடிப்பு சுஜாதா, சிவகுமார்; இசை, இளையராஜா என்று யாரும் அதுவரை கேள்விப்படாத ஒரு பெயர். தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தேதியில் ஒரு கோடு கிழிப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் விஸ்வநாதன், ராமமூர்த்தி, கே.வி. மகாதேவன் காலம். இந்தப் பக்கம் இளையராஜா காலம்.

அந்தக் கோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதே இசைத்தட்டை ஒருவரின் வருகையாகப் பார்க்காமல் ஒரு குழுவின் முடிவாகப் பார்த்தால் வேறு சிலர் கண்ணில் படுகிறார்கள். அந்தக் குழுவின் பெயர் பாவலர் பிரதர்ஸ். கண்ணில் படுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். அந்த ஊர்க்காரரான பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய பாட்டுக்காரர். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அரசியலை ஏற்றிப் பாடுவார். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங் மூவரும் ஒவ்வொருவராக அவருடன் சேர்ந்தார்கள். ராசையாதான் பின்னாளில் இளையராஜா. அமர்சிங் கங்கை அமரன்.

இந்தக் குழுவின் கதையில் அடிக்கடி சொல்லப்படுவது 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை பதவிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. தேவிகுளத்தில் நின்ற கட்சியின் வேட்பாளர் ஒரு பெண், ரோசம்மா புன்னூஸ். 1957-இல் வென்று, நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று சொன்னதால் மறுபடி நின்றார்; மறுபடியும் வென்றார். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்களிடம் வாக்குக் கேட்டுப் பாடப் போனவர் பாவலர். வேட்பாளர் பெண், கேட்க வந்த கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். பாடிய குழுவில் பெண் இல்லை.

ஆனால் பெண் குரல் இருந்தது. அதைப் பாடியவர் சிறுவன் ராசையா. சுமார் பதினான்கு வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்த அவர், பெண் குரலில் பாட வேண்டிய பாட்டுகளைப் பாடினார். பிறகு குரல் உடைந்தது. அந்த இடம் கைவிட்டுப் போனதையும், ஆர்மோனியத்தின் பக்கம் முழுதாகத் திரும்பியதையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. தமிழ் மேடையில் நெடுங்காலம் நடந்தது இதுதான். பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள்தான் ஸ்திரீபார்ட். ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு 'அவ்வை' என்பதே அடைமொழியாக நின்றுவிட்டது. மேடையேறிய பெண்ணுக்கோ பேர் கெட்டது. பெண்ணின் குரல் மேடைக்கு வேண்டும், பெண் வேண்டாம் என்பது அந்தக் கால ஏற்பாடு. முற்போக்கு மேடையும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் இருந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1960களின் கடைசியில் சகோதரர்கள் சென்னைக்குப் போனார்கள். கைச்செலவுக்கு அம்மா சின்னத்தாயி வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுக் கொடுத்தார் என்று இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மகன்களின் வைராக்கியத்துக்கு முன்னுரையாகவே இந்தக் கதை எப்போதும் சொல்லப்படுகிறது. நான் ரேடியோவைப் பற்றி யோசிக்கிறேன். ஒரு கிராமத்துப் பெண் வேலைக்கு நடுவே பாட்டுக் கேட்க வீட்டில் இருந்த ஒரே பொருள் அது. அதை விற்ற பிறகு அந்த வீட்டில் என்ன ஒலித்தது என்று யாரும் கேட்டு வைக்கவில்லை.

சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றல், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை என்று வருடங்கள் போயின. 1973-இல் பாவலர் இறந்தார். குழுவுக்குத் தலைவர் இல்லை; பெயர் மட்டும் மிஞ்சியது. 'அன்னக்கிளி' வாய்ப்பு வந்தபோது 'பாவலர் பிரதர்ஸ்' என்றே போட்டுக்கொள்ள நினைத்தார்கள். அது பழைய பாணியாக இருக்கிறது என்று பஞ்சு அருணாசலம் 'இளையராஜா' என்று வைத்தார். ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால் 'இளைய'. ஒரு குழுவின் பெயர் இசைத்தட்டின் உறைக்கு வராமலேயே முடிந்துபோனது.

காலமும் முடிவின் காலம்தான். 1975 அக்டோபர் 2-இல் விருதுநகரில் பிறந்த காமராசர் மறைந்தார். 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. மேடைப் பாட்டுக்காரர்கள் அரசியல் பாட அது நல்ல நேரமில்லை.

இனி இசைத்தட்டுக்குள் போவோம். அதன் பாடல்களில் பெரும்பாலானவை பெண் குரலில் அமைந்தவை. டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஒன்று உண்டு, பி. சுசீலா பாடிய ஒன்று உண்டு. மற்றவற்றைத் தாங்கியவர் எஸ். ஜானகி. தாய்மொழி தெலுங்கு. 1957-இலிருந்து தமிழில் பாடிக்கொண்டிருந்தவருக்கு இதற்காகப் புதிதாக ஒரு தொண்டை தேவைப்பட்டது. கிராமத்துப் பேச்சை இழுத்தும் விட்டும் பாடுகிற தொண்டை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற பெண்கள் நிறைந்த எங்கள் கரிசல் ஊர்களில், அவர் குரலை யாரும் வெளியூர்க் குரலாக எடுத்துக்கொள்ளவில்லை.

படத்தில் நெல் குத்துகிற பெண்கள் பாடும் பாட்டு ஒன்று இருக்கிறது. உலக்கை மாறி மாறி விழுகிற தாளத்தில் அமைந்தது. நடவு, களையெடுப்பு, உரல், தொட்டில், சாவு வீடு என்று இடத்துக்கு ஒரு பாட்டு வைத்திருந்தவர்கள் பெண்கள். அதிலும் நிலமில்லாத பெண்கள். அவர்களில் பெரும்பகுதி தலித் பெண்கள். பாவலர் குழுவின் பையன் பெண் குரலில் பாடியபோது யாரைக் கேட்டுப் பழகியிருப்பான் என்று நினைத்துப் பார்த்தால் இந்த வயல்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆண்கள் குழு ஒன்று இருபது வருடம் சுமந்து வந்த பெண் குரல், குழு முடிகிற நேரத்தில், ஒரு பெண்ணின் வாய்க்குத் திரும்பி வந்தது. 'அன்னக்கிளி'யின் உண்மையான திருப்பம் இதுதான் என்பது என் வாதம்.

அதே 1976-இல் எங்கள் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருதுநகர் அப்போது தனி மாவட்டம் இல்லை, 1985-இல்தான் பிரிந்தது. அதுவரை ராமநாதபுரம் மாவட்டம். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து 1923-இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டுகளில் அது பட்டாசும் அச்சுமாக விரிந்திருந்தது. மழை பொய்க்கிற கரிசல் காட்டை விட்டுப் பெண்களும் சிறுமிகளும் ஆலைக்குப் போனார்கள். விடியுமுன் ஊருக்குள் பஸ் வரும். இருட்டிய பின் கொண்டுவந்து விடும். இந்தச் சிறுமிகளைப் பற்றி ஸ்மிது கோத்தாரி ஆங்கிலத்தில் எழுதியது 1983-இல். சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990-இல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1996-இல். அன்னக்கிளி வந்தபோது அவர்கள் யார் கணக்கிலும் இல்லை.

என் அம்மா அந்தச் சிறுமிகளில் ஒருத்தி. ஆலையில் கட்டை அடுக்கினார். கல்யாணத்துக்குப் பின் வீட்டில் பெட்டி ஒட்டினார். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. உரலடியில் பாடுவார்களே, ஆலையில் ஏன் பாடவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "பாடிக்கிட்டே அடுக்குனா கை பிந்திப்போகும். ஒருத்தி கை மாதிரியா இன்னொருத்தி கை?"

அந்தப் பதிலைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். உலக்கைக்கு இரண்டு பேர் வேண்டும். இருவரும் ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். நடவுக்கு ஒரு வரிசை வேண்டும். பாட்டு அங்கே பொழுதுபோக்கு இல்லை. வேலையின் ஒரு கருவி. துண்டுக்கூலியில் ஒவ்வொருத்தியும் தனிக் கணக்கு. பக்கத்தில் இருப்பவளை முந்தினால்தான் காசு. பட்டாசு ஆலையில் இன்னும் மோசம்: மருந்து புழங்குகிற அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்பது பாதுகாப்பு விதி, பெரும்பாலும் நான்கு பேர். உயிர் காக்கிற விதிதான், வேண்டியதுதான். ஆனால் வரிசை போய்விட்டது. வரிசை போனால் முன்பாட்டுக்காரியும் இல்லை, பின்பாட்டும் இல்லை. எங்கள் கரிசலில் நெல்லைவிடக் கம்பும் குதிரைவாலியும்தான் உரலில் விழுந்தன. அந்த உரல்களையும் மாவு மில் ஓரமாக ஒதுக்கியிருந்தது. ஆக, உலக்கைப் பாட்டு திரையில் ஒலித்தபோது உலக்கை ஊரில் நின்றுகொண்டிருந்தது.

அப்படியென்றால் சினிமா எங்கள் பாட்டைத் திருடிக்கொண்டது என்று சொல்லிவிடலாமா? சொல்ல மாட்டேன். என் அம்மாவின் வயதுப் பெண்களிடம் பேசினால் அந்தப் பாடல்கள் அவர்களுக்குக் கொடுத்ததையும் கேட்க முடிகிறது. கல்யாண வீட்டு மைக் செட்டில் தங்கள் பேச்சு, தங்கள் இழுவை. அதற்கு முன் சினிமாவில் கிராமத்துப் பெண் பாடினாலும் பட்டணத்துத் தமிழில் பாடியதுதான் மிகுதி. தென் மாவட்டங்களில் இலங்கை வானொலி நன்றாகக் கேட்கும். ராஜேஸ்வரி சண்முகம் போன்ற ஒரு பெண் அறிவிப்பாளர், பாட்டு விரும்பிய நேயர்களின் பெயரை வாசிப்பார். எழுதத் தெரிந்த ஒருத்தி எல்லாருடைய பெயரையும் அட்டையில் எழுதிப் போட்டதாக ஒரு பெரியம்மா சொன்னார். ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத சிறுமிகள் தங்கள் பெயர் கடல் கடந்து வருமா என்று காத்திருந்தார்கள். இதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பெயர் என்ற விஷயத்தை இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். படத்தின் கதாநாயகி காதலை விட்டுக்கொடுக்கிறவள், கடைசியில் உயிரையும். அந்தக் காலப் படங்களில் நல்ல பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வேலை அது. பாட்டின் வரலாற்றிலும் பெண்ணுக்கு அதே வேலைதான் தரப்பட்டிருக்கிறது. அம்மா ரேடியோவைக் கொடுக்கிறாள், வயல்காரி மெட்டைக் கொடுக்கிறாள், பாடகி குரலைக் கொடுக்கிறாள். கொடுத்தவர்களைத் தாய், மண், மரபு என்று கும்பிடுகிறோம். கும்பிட்டால் கணக்குக் கேட்க வேண்டியதில்லை.

கணக்கு மாற முடியும் என்பதற்கும் இதே வரலாற்றில் சான்று உண்டு. 1985-இல் பாண்டியராஜன் இயக்கிய 'ஆண்பாவம்' வந்தது. இசை இளையராஜா. அதில் கிழவியாக நடித்துத் தன் குரலில் தானே பாடியவர் கொல்லங்குடி கருப்பாயி, சிவகங்கைச் சீமையின் நாட்டுப்புறப் பாடகி. ஊர்ப் பெயரும் சொந்தப் பெயருமாகத் திரையில் வந்தார். ஒரு பையன் பெண் குரலில் பாடியதிலிருந்து, தெலுங்கு தேசத்துப் பாடகி கிராமத்துக் குரலில் பாடியது வரை ஏறக்குறைய பதினெட்டு வருடம். அங்கிருந்து கருப்பாயி தன் குரலில் பாடியது வரை இன்னும் ஒன்பது. குழு முடிந்ததால் திறந்த வழி இது. ஒரு மேதையின் வருகை என்று மட்டும் எழுதினால் இந்த வழி தெரியாமல் போகும்.

சிவகாசிப் பக்கம் இன்றும் பட்டாசுக் கட்டிலும் தீப்பெட்டிச் சிப்பத்திலும் ஆலையின் பெயர் இருக்கிறது, ஊரின் பெயர் இருக்கிறது, லேபிளில் ஒரு பெண்ணின் படமோ பறவையின் படமோ இருக்கிறது. ஒட்டியவள் பெயருக்கு அதில் இடம் இல்லை. பாட்டுக்கு அந்த நிலை வேண்டாம். இதைப் படிக்கும் மாணவிகளிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உரல் பாட்டு தெரிந்த கிழவி இருந்தால் பதிந்து வையுங்கள். பதிவின் தலைப்பில் 'நாட்டுப்புறப் பாடல்' என்று எழுதுவதற்கு முன்னால், பாடியவரின் பெயரை எழுத அவரிடம் சம்மதம் கேளுங்கள். அடுத்து, அந்தப் பாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று கேளுங்கள்.