அணுகுண்டும் குடும்ப வழக்கும்

1954 மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றைப் பரிசோதித்தது. அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது அதன் சாம்பல் வெண்பொடியாய்ப் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலிக் கருவியை இயக்கிய குபோயாமா செப்டெம்பரில் மாண்டார். ஹிரோஷிமா, நாகசாகி என்னும் ஆறாத புண்களில் மீண்டும் குருதி கசிந்தது.

அடுத்த ஆண்டே அகிரா குரொசாவாவின் ‘ஓர் உயிரினத்தின் பதிவு’ என்ற திரைப்படம் வெளிவந்தது. இரும்பு வார்ப்பாலை முதலாளியான நகாஜிமா என்னும் முதியவர் அணுகுண்டுக்கு அஞ்சி, குடும்பம் முழுவதையும் பிரேசிலுக்குக் கொண்டுசெல்லத் துடிக்கிறார். ஆசைநாயகியரையும் அவர்தம் பிள்ளைகளையும் விட்டுச்செல்லவும் அவருக்கு மனமில்லை. சொத்துக் கைநழுவுமே எனக் கலங்கிய குடும்பத்தாரோ, அவர் அதனை நிர்வகிக்கத் தகுதியற்றவர் என்று அறிவிக்கக் கோரிக் குடும்ப நீதிமன்றம் ஏறுகின்றனர்.

அம்மன்றத்தின் முன் நின்ற வினா யாது? குண்டு வெடிக்குமா என்பதன்று. சொத்தை ஆள்வது யார் என்பதே! குண்டைச் செய்தவன் எங்கோ இருக்கிறான். அதற்கு அஞ்சியவன் கூண்டில் நிற்கிறான். தீர்ப்பு முதியவருக்கு எதிராகிறது. இணக்கம் காணும் குழுவிலிருந்த பல்வைத்தியர் ஒருவர் மட்டும் மனம் ஆறாது தவிக்கிறார்.

ஆலை இல்லாதொழிந்தால் குடும்பம் உடன்வரும் என நம்பி, முதியவர் தமது ஆலைக்கே தீ வைக்கிறார். அப்பொழுது தொழிலாளர் தங்கள் கதி என்னவென்று கேட்கின்றனர். இக்கேள்வியே படத்தின் உச்சம் என்பேன். தன் வீட்டை மட்டும் காக்க முனையும் அன்பு பிறர் வயிற்றில் அடிக்கும் என்பதை அவர் அன்றுதான் உணர்கிறார். இறுதியில் மனநோய் விடுதியில் ஞாயிற்றைக் கண்டு, பூமி எரிகிறது என்று கதறுகிறார்.

பிரேசில் நமக்குத் தொலைவு. போவதா இருப்பதா என்று ஒரே கூரையின் கீழ் மூண்ட அந்தச் சண்டையோ மலையகத்தாருக்குப் புதிதன்று. இங்கே விழுந்தது குண்டல்ல, சட்டம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது; மேலும் 1,50,000 பேரின் தலைவிதி 1974 வரை அந்தரத்தில் தொங்கிற்று. இரு தலைநகரங்களும் எண்களைப் பேசின. லயக் காம்பிராவிலோ தந்தை போவோம் என்றார்; மகன் இருப்போம் என்றான். பிரிந்தோரைத் தலைமன்னாருக்குச் சுமந்துசென்ற புகைவண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று நம் மக்களே பெயரிட்டனர்.

இப்படத்தை மாணவருக்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், பைத்தியம் யாருக்கு என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அச்சத்தை விளைவித்தோர் வெளியே நிற்க, தந்தையும் மகனும் மட்டும் வழக்காடியது ஏன் என்றும் கேட்கவேண்டும். நம் வீடுகளின் பழைய பிணக்குகள் பலவற்றுக்கும் அந்தக் கேள்வியிலேயே விளக்கம் இருக்கிறது.