மவுஸ் நிற்கும் இடம்: இரண்டு எண்களின் கதை

திரையில் மவுஸின் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று அறிய, விண்டோஸில் நிரல் எழுதுபவருக்கு இன்று 'கெட்கர்சர்பாஸ்' என்ற ஒரே கட்டளை போதும். இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று கிடைமட்டத்துக்கு, மற்றது செங்குத்துக்கு.

இந்த இரண்டு எண்களும் இரண்டு சக்கரங்களில் பிறந்தவை. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் முதல் மவுஸைச் செய்தார். மரப்பெட்டி ஒன்று, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள். ஒவ்வொன்றும் ஒரு திசை அசைவை மட்டும் அளந்தது. 1970-ல் கிடைத்த காப்புரிமையில் அதன் பெயரே 'எக்ஸ்-ஒய் இடங்காட்டி' என்பதுதான்.

1998-ல் வந்த விண்டோஸ் 98 ஒரே கணினியில் பல திரைகளை அனுமதித்தது. முதன்மைத் திரைக்கு இடப்பக்கம் இன்னொரு திரை வைத்தால், அங்கே கிடைமட்ட எண் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மவுஸ் செய்தியில் வரும் 16 பிட் எண்ணைக் குறி பார்க்காமல் படித்த நிரல்களுக்கு -10 என்பது 65526 ஆகத் தெரிந்தது! திரைக்கு இடப்பக்கமும் இடம் உண்டு என்று அவற்றை எழுதியவர்கள் நினைக்கவில்லை.

காப்புரிமை நிலையத்தின் பெயரில் இருந்தது. 1987-ல் அது முடிந்தும் போனது. 2013-ல் மறைந்த எங்கல்பார்ட்டுக்கு மவுஸுக்காக ராயல்டி எதுவும் கிடைக்கவில்லை. அவர் தந்த இரண்டு எண்கள் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.