‘வெறுங்கை’யின் வரலாறு: கராத்தேச் சொற்களும் ஒக்கினாவாவும்

ஒரு கலைக்கு வழங்கும் பெயர் அக்கலையின் இயல்பை மட்டுமன்றி, அதன்மீது உரிமை கொண்டாடியோர் யாவர் என்பதையும் உணர்த்தவல்லது. கராத்தே பயிலும் மாணாக்கர் எந்நாட்டவராயினும் கட்டளைகளையும் எண்களையும் அசைவுகளின் பெயர்களையும் பெரும்பாலும் யப்பானிய மொழியிலேயே கேட்கின்றனர். இதனால் அக்கலை தொன்றுதொட்டு யப்பானியர்க்கே உரியதென்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. சொற்களின் வரலாற்றை ஆராயுமிடத்து உண்மை வேறாகத் தோன்றுகின்றது.

கராத்தேயின் தாயகம் ஒக்கினாவாத் தீவாகும். 1372 முதல் அத்தீவின் ஆட்சியாளர் சீனாவின் மிங் பேரரசுக்குத் திறை செலுத்தினர். வணிகத்தோடு கல்வியும் கலைகளும் அவ்வழியே வந்தன. பின்னர் இரியூக்கியூ இராச்சியமென விளங்கிய அந்நாட்டை 1609 இல் யப்பானின் சற்சுமாப் பிரபுக்கள் படையெடுத்து அடக்கினர். 1879 இல் யப்பானிய அரசு அவ்விராச்சியத்தை முற்றாக ஒழித்து, ஒக்கினாவா மாகாணமாக மாற்றிற்று. அங்கு வழங்கிய போர்க்கலையை மக்கள் ‘கை’ எனப் பொருள்படும் ‘தி’ என்ற சொல்லாலும், ‘சீனக் கை’ எனப் பொருள்படும் ‘தோதி’ என்ற சொல்லாலும் குறித்தனர். பின்னைய பெயர் சீனாவுக்குப் பட்ட கடனை வெளிப்படையாக ஒப்புக்கொள்வதாகும்.

1901 அளவில் இத்தோசு அங்கோ இக்கலையைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். அதே காலப்பகுதியில் ஒக்கினாவாப் பாடசாலைகளில் தாய்மொழி பேசிய மாணாக்கரின் கழுத்தில் மரப்பலகையைத் தொங்கவிட்டு இழிவுபடுத்தும் வழக்கமும் நிலவிற்று. தீவின் கலை வகுப்பறையுள் இடம்பெற, தீவின் மொழி வெளியேற்றப்பட்டது. ஒக்கினாவா ஆசிரியரான வுனாக்கோசி கிச்சின் 1922 இல் டோக்கியோவில் இக்கலையைச் செய்துகாட்டினார். 1924 இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தேக் கழகம் தோன்றிற்று.

பெயர்மாற்றத்தின் நுட்பம் இங்கு நோக்கற்பாலது. யப்பானிய மொழியில் சீனத்தைக் குறிக்கும் எழுத்தையும் வெறுமையைக் குறிக்கும் எழுத்தையும் ‘கரா’ என ஒரேவிதமாக வாசிக்கலாம். ஆகவே ஒலியை மாற்றாமலே ‘சீனக் கை’யை ‘வெறுங்கை’ ஆக்க முடிந்தது. ஒக்கினாவாவைச் சேர்ந்த அனசிரோ சோமோ 1905 இலேயே புதிய எழுத்தைக் கையாண்டிருந்தார். எனினும் அது நிலைபெற்றது பிற்காலத்திலாகும். கெய்யோ கழகம் 1929 இல் அதனை ஏற்றது. 1935 இல் வுனாக்கோசியின் நூல் அதனைத் தாங்கி வெளிவந்தது. 1936 ஒக்டோபர் 25 இல் நாகா நகரிற் கூடிய ஒக்கினாவா ஆசான்கள் அதற்கு இசைந்தனர். 1931 இல் மஞ்சூரியாவைக் கைப்பற்றிய யப்பான், 1937 இல் சீனாவுடன் முழுப்போரில் இறங்கிற்று. அத்தகைய சூழலிற் சீனத்தின் பெயரைத் தாங்கிய கலை தலைநகரிற் செல்வாக்குப் பெறுதல் அரிதாயிருந்திருக்கும்.

பயிற்சித் தொடர்களின் பெயர்களும் மாறின. ‘பினான்’ என்பது ‘எய்யான்’ ஆயிற்று; இங்கு எழுத்து மாறாது ஒலி மட்டுமே மாறியது. சீனரொருவரின் பெயராகக் கருதப்படும் ‘குசாங்கு’, ‘வானை நோக்கல்’ எனப் பொருள்படும் ‘கான்கூ’ ஆயிற்று. வானைக் குறிக்கும் அவ்வெழுத்தே வெறுங்கையின் ‘கரா’வும் ஆகும். ஒரு மனிதரின் நினைவு இருந்த இடத்தில் ஒரு கருத்து அமர்த்தப்பட்டது.

இம்மாற்றத்தை வெறும் அரசியற் பணிவெனக் கூறிவிடுதலும் பொருந்தாது. பௌத்தத்தின் சூனியக் கோட்பாட்டைக் காட்டி வுனாக்கோசி புதிய பெயருக்கு விளக்கம் தந்தார். ஆயின் அக்கோட்பாடும் இந்தியாவிலிருந்து சீனத்தின் வழியாகவே யப்பானை அடைந்தது. பயிற்சிக்கூடத்தைக் குறிக்கும் ‘தோஜோ’வும் அத்தகையதே, புத்தர் ஞானம்பெற்ற இடமாகிய ‘போதிமண்டத்தை’ச் சீனர் மொழிபெயர்த்தவாறு அது. சீனத்தை நீக்கவெனக் கொண்ட சொல்லிலும் சீனத்தின் சுவடு மறையவில்லை.

2005 இல் ஒக்கினாவா மாகாணசபை ஒக்டோபர் 25 ஐக் கராத்தே தினமாகப் பிரகடனஞ் செய்தது. 2009 இல் யுனெஸ்கோ ஒக்கினாவா மொழியை அழிவை எதிர்நோக்கும் மொழிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. உலகெங்கும் பரவிய ஒரு கலை, தன்னைப் பெற்ற மொழியைத் தன்னுடன் கொண்டுசெல்லவில்லை. ஒரு மக்களின் கலை பெருமை பெறுதல் வேறு, அம்மக்களின் மொழி வாழ்தல் வேறு என்பதே இச்சொற்கள் புகட்டும் வரலாற்றுப் பாடமாகும்.