வினையூக்கிச் செயலிழப்பு (நிலக்கரி எண்ணெய்)

வினையூக்கிச் செயலிழப்பு என்பது ஒரு வினையூக்கி வேதிவினையை விரைவுபடுத்தும் தன் திறனைக் காலப்போக்கில் இழப்பதாகும். நிலக்கரியிலிருந்து பெறப்படும் எண்ணெயைப் பெட்ரோல், டீசல் ஆகியவையாகத் தரம் உயர்த்துவதில் இதுவே செலவைக் கூட்டும் முக்கியக் காரணங்களுள் ஒன்று.

பின்னணி

நிலக்கரி எண்ணெயில் ஹைட்ரஜன் குறைவு. நைட்ரஜன், ஆக்சிஜன், பல வளையச் சேர்மங்கள் ஆகியன மிகுதி. எனவே இது உயர் அழுத்தத்தில், ஏறத்தாழ 350–425 பாகை செல்சியசில், ஹைட்ரஜனுடன் வினைப்படுத்தப்படுகிறது. அலுமினாவின் மேல் படிய வைத்த கோபால்ட்-மாலிப்டினம் அல்லது நிக்கல்-மாலிப்டினம் வினையூக்கியாகப் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கட்டிகளைக் காற்றின்றிச் சூடாக்கி 'லெக்கோ' என்னும் எரிபொருளைத் தயாரித்த ஆலை 1960களில் தொடங்கப்பட்டது. இது தற்போது இயங்கவில்லை. அங்கு துணைப்பொருளாகத் தார் கிடைத்தது. அத்தகைய தாரை வாகன எரிபொருளாக்கவும் மேற்கண்ட முறையே தேவைப்படும்.

காரணங்கள்

* கரிப்படிவு: கனமான மூலக்கூறுகள் கரியாகி நுண்துளைகளை அடைக்கின்றன. முதல் சில நாட்களிலேயே திறன் பெரிதும் குறைகிறது.
* உலோகப் படிவு: இரும்பு, டைட்டேனியம், கால்சியம், சோடியம் ஆகியவை மெல்லச் சேர்கின்றன.
* நஞ்சாதல்: குயினோலின் போன்ற காரத்தன்மையுள்ள நைட்ரஜன் சேர்மங்கள் வினை நிகழும் இடங்களைப் பற்றிக்கொள்கின்றன.
* உருத்திரளல்: மிகு வெப்பத்தில் நுண்துகள்கள் ஒன்றுசேர்வதால் புறப்பரப்பு குறைகிறது.

மீட்பு

நைட்ரஜன் கலந்து நீர்த்த காற்றில், கட்டுப்படுத்திய வெப்பத்தில் கரியை எரித்து நீக்கலாம். உலோகங்கள் எரிவதில்லை, எனவே அவற்றால் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் நிலையானது.

தீர்வுகள்

நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியைப் பயன்படுத்திய செருமனியின் லொய்னா ஆலை 1927இல் உற்பத்தியைத் தொடங்கியது. செருமானிய ஆலைகளில் பணி இரு கட்டமாகப் பிரிக்கப்பட்டது. சாம்பலும் உலோகமும் மிகுந்த முதற்கட்டத்தில் மலிவான இரும்பு வினையூக்கி பயன்படுத்தப்பட்டு, கழிவுடன் நீக்கப்பட்டது. விலைமிக்க டங்ஸ்டன் சல்பைடு, தூய ஆவி மட்டும் செல்லும் இரண்டாம் கட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் சோதிக்கப்பட்ட எச்-கோல் முறையில், உலை இயங்கும்போதே பழைய வினையூக்கியை எடுத்துப் புதியதைச் சேர்க்க முடிந்தது.

நிலக்கரியை முதலில் வாயுவாக்கினால் சாம்பல் முன்கூட்டியே பிரிந்துவிடும். எனினும் அவ்வாயுவை எரிபொருளாக்கும் இரும்பு, கோபால்ட் வினையூக்கிகளைக் கந்தகம் நஞ்சாக்கும். ஆதலால் வாயுவைத் தூய்மைப்படுத்துவது இன்றியமையாதது. இந்திய அரசு 2024 சனவரியில் நிலக்கரி வாயுவாக்கத்திற்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது.