கொச்சி போறீங்களா? அரசு போட், வாட்டர் மெட்ரோ, கடல் குரூஸ்: எதுக்கு எதில் ஏறணும்?

எர்ணாகுளம் மரைன் டிரைவ் பக்கம் போய் நின்றாலே போதும், "சார், போட்டிங் போலாமா?" என்று நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். கோவை, மதுரை பக்கமிருந்து குடும்பத்தோடு கொச்சி போகிற பலரும் அங்கேயே பேரம் பேசி ஏறிவிடுகிறார்கள். ஆனால் அதே துறைமுகத்தில், அதே தண்ணீரில், ஒரு டீ விலைக்குள் உங்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் அரசுப் படகும் ஓடுகிறது. எதுக்கு எந்தப் படகு என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பணமும் மிச்சம், பயமும் இல்லை.

அக்கரைக்குப் போகணுமா, அரசு போட் போதும்

கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுகள் எர்ணாகுளம் போட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, வைப்பின் தீவுக்குப் போகின்றன. இவை சுற்றுலாப் படகுகள் அல்ல, வேலைக்கும் காலேஜுக்கும் போகிறவர்களின் டவுன் பஸ் மாதிரி. காலையும் மாலையும் கூட்டம் நெரியும். பத்து மணிக்கு மேல் போனால் நிம்மதியாக உட்காரலாம்.

ஃபோர்ட் கொச்சிக்குச் சுமார் 20 நிமிடம். போகும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் டச்சுக்காரர்கள் 1744ல் கட்டிய மாளிகை இருக்கும் போல்காட்டி தீவும், வல்லார்பாடம் கன்டெய்னர் முனையமும் தெரியும். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவை 1920ல் இந்த வேலைக்கு அனுப்பிய சென்னை மாகாண கவர்னர் வில்லிங்டனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நம்ம சென்னைக் கோட்டையிலிருந்து போன உத்தரவில் பிறந்த தீவு என்றும் சொல்லலாம்! அங்கே கடற்படைத் தளம் இருப்பதால் அந்தப் பக்கம் கேமராவை நீட்டாமல் இருப்பது நல்லது.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி சீன வலைகள் வரை நடந்தே போகலாம். அங்கிருந்து எதிர்க்கரையில் இருக்கும் வைப்பினுக்குப் போக, கார், பைக்கையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகு இருக்கிறது. சில நிமிடப் பயணம்தான். செராய் கடற்கரை போகிறவர்களுக்கு இது வசதி. சாலை வழி என்றால் நகரத்தையே சுற்றி வரணும்.

ஒரு விஷயம்: மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். 1568ல் கட்டிய யூத ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது. இது தெரியாமல் வார இறுதியில் போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய பேர்.

வயதானவர்கள் கூட வந்தால் வாட்டர் மெட்ரோ

2023 ஏப்ரல் 25ல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் ஓடுவது பேட்டரி படகுகள். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டியவை, 100 பேர் ஏறலாம், ஏசி உண்டு. மேடை மிதக்கும் வகை என்பதால் அலை ஏறினாலும் இறங்கினாலும் படகும் மேடையும் ஒரே மட்டத்தில் இருக்கும். முழங்கால் வலி இருக்கிற பாட்டிக்கும், வீல்சேரில் வருகிறவருக்கும் இதுதான் பெரிய நிம்மதி. அரசு போட்டில் படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு எட்டு தாண்ட வேண்டியிருக்கும்.

தொடங்கியபோது கட்டணம் 20 முதல் 40 ரூபாய் வரை இருந்தது. 2024ல் ஃபோர்ட் கொச்சிக்கும், 2025ல் மட்டாஞ்சேரிக்கும் சேவை வந்துவிட்டது. கேட்டில் ஆட்களை எண்ணித்தான் உள்ளே விடுவார்கள். அதனால் விடுமுறை நாளில் கியூவில் காத்திருக்க வேண்டி வரும். கடுப்பாக இருக்கும்தான், ஆனால் அந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதைக் கீழே பாருங்க.

கடலைப் பார்க்கணும்னா

மேலே சொன்ன இரண்டும் துறைமுகத்துக்குள்ளேயே ஓடுபவை. முகத்துவாரம் தாண்டி அரபிக்கடலில் சூரியன் மறைவதைப் பார்க்க, கேரள அரசு நிறுவனமான கே.எஸ்.ஐ.என்.சி.யின் சாகரராணி படகுகளும் நெஃபர்டிட்டி கப்பலும் இருக்கின்றன. எகிப்து ராணியின் பெயர் வைத்த இந்தக் கப்பலை ஆபீஸ் கூட்டம், குடும்ப விழா என்று மொத்தமாகவும் வாடகைக்கு எடுக்கலாம். முன்பதிவு கட்டாயம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் கடல் பயணம் ரத்தாவது சகஜம், அதை நம்பி ரயில் டிக்கெட் போடாதீங்க.

குழுவாகப் போகும்போது எண்ணிப் பாருங்க

2009 செப்டம்பர் 30, தேக்கடி. ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7, மலப்புரம் மாவட்டம் தானூர். இருட்டிய பிறகு, அனுமதித்ததைவிட அதிகம் பேரை ஏற்றிய தனியார் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் நிறைய.

குழுவாகப் போகிறபோதுதான் இந்த ஆபத்து அதிகம். "எல்லாரும் ஒரே படகில் போகலாம், இன்னும் அஞ்சு பேர்தானே" என்று நாமே சொல்லிவிடுகிறோம், படகுக்காரரும் தலையாட்டிவிடுகிறார். 40 பேர் வந்திருந்தால் இரண்டு படகு எடுங்க. பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் படகில் எழுதியிருக்கிறதா பாருங்க. இல்லையென்றால் வேறு படகு பாருங்க. லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருந்தால் பயனில்லை, படகு கிளம்பும் முன்பே போட்டிருக்கணும். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் கேளுங்க, பெரியவர்களுடையது தண்ணீரில் கழன்றுவிடும். மேல் தளத்தில் பாட்டு, டான்ஸ் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறுவதைத் தவிருங்க.

டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி எரிப்பைப் பார்க்கப் போகிறவர்கள், திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே ஜெட்டியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்க. அன்று நள்ளிரவில் கூட்டம் அள்ளும்.