உறிப்பானை முதல் ஸ்டிக்கர் வரை: வீட்டு லேபிளின் கதை



உங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடுகு இருக்கும். பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும் இருக்கும். ஐஸ்கிரீம் டப்பாவில் நேற்றைய சாம்பார் இருக்கும். எதில் எது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் மனப்பாடம். அவர் வீட்டில் இருக்கும்வரை எல்லாம் சரியாக ஓடும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டால் "பெருங்காயம் எங்கே?" என்று தொடங்கி மணிக்கொரு போன் போகும்.

இந்தத் தொல்லைக்கு மனிதன் கண்டுபிடித்த மருந்துதான் லேபிள். இது ஏதோ ஸ்டேஷனரி கடைச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இதன் வரலாறு மிக நீண்டது. அதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு.

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் என்று ஓர் இடம். ரோமானியர் காலத்தில் பெரிய துறைமுகம். அங்கே நடந்த அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. 2007-இல் வெளிவந்த செய்தி இது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று படித்தார். ஒறி என்பது நம் உறிதான். பூனைக்கு எட்டாமல் வெண்ணெய்ச் சட்டியைத் தொங்கவிடுவார்களே, அந்த உறி. காலம் கி.மு. முதல் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு. பானையின் இரண்டு எதிர்ப்பக்கங்களிலும் அதே சொற்கள். உறியில் வைக்க வேண்டிய பானை என்பதை, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும்படி யாரோ ஒரு தமிழர் எழுதி வைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கீழடி, கொடுமணல் போன்ற இடங்களிலும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றில் பல ஆட்பெயர்கள். 'இது இன்னாருடையது' என்பதுதான் அவற்றின் செய்தி. இதே பழக்கம் பிற்காலத்தில் பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் வந்தது. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் கடைக்காரரே பெயர் வெட்டிக் கொடுப்பார். ஊரில் விசேஷம் என்றால் நாலு வீட்டு அண்டாவும் ஒரே பந்தலுக்குப் போகும். மறுநாள் பெயரைப் பார்த்து அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். சலவைக்குப் போகும் துணிகளில் சேராங்கொட்டைச் சாற்றால் குறி போடுவார்களே, அதுவும் லேபிள்தான். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்தக் குறி போகாது.

'யாருடையது' என்பது ஒரு கேள்வி. 'உள்ளே என்ன, எப்போது வைத்தது' என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பழைய சாட்சி எகிப்தில் இருக்கிறது. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் திராட்சை மது ஜாடிகள் இருந்தன. ஆட்சியாண்டு, தோட்டம், தயாரித்தவர் பெயர் எல்லாம் அவற்றின்மேல் மையால் எழுதப்பட்டிருந்தன. 3,300 ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி.

அதே கல்லறையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அங்கிருந்த பெட்டிகள் சிலவற்றின்மேல் உள்ளே இருக்கும் பொருள்களின் விவரம் எழுதியிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே இருந்ததோ வேறு. பழங்காலத்திலேயே திருடர்கள் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்கள். பிறகு வந்த காவல் அதிகாரிகள் கைக்குக் கிடைத்ததைக் கிடைத்த பெட்டியில் திணித்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பொருள் மாறியது, எழுத்து மாறவில்லை. தப்பான லேபிளைவிட லேபிள் இல்லாததே மேல். இல்லாவிட்டால் திறந்தாவது பார்ப்போம், இருந்தால் நம்பிவிடுவோம்.

லேபிள் இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்கு 1858-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே சர்க்கரை விலை அதிகம். மிட்டாய் செய்பவர்கள் விலை குறைந்த வெள்ளைப் பொடி ஒன்றைச் சர்க்கரையோடு கலப்பது வழக்கம். ஜிப்சம் போன்ற, ஆளைக் கொல்லாத பொடிதான். அதை வாங்கிவர ஒருவர் மருந்துக் கடைக்குப் போனார். கடைக்காரர் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். பரணில் மூலையில் இருக்கும் பீப்பாயிலிருந்து எடுத்துக் கொடு என்று படுக்கையிலிருந்தே உதவியாளரிடம் சொன்னார். பரணில் இருந்த இன்னொரு பீப்பாயிலும் வெள்ளைப் பொடிதான் இருந்தது. உதவியாளர் அதிலிருந்து 12 பவுண்டு, அதாவது 5 கிலோவுக்கு மேல், நிறுத்துக் கொடுத்தார். அது ஆர்செனிக். மிட்டாய் சந்தைக்குப் போனது. சுமார் 20 பேர் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஏறத்தாழ 200 பேர் நோயில் விழுந்தார்கள்.

வழக்கு நடந்தது; யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்து, 1868-இல், பார்மசி சட்டம் வந்தது. விஷப் பொருளின் பெயர், 'விஷம்' என்ற சொல், விற்பவரின் பெயர், முகவரி எல்லாம் லேபிளில் இருந்தாக வேண்டும் என்று அது விதித்தது. அந்தச் சட்டம் வரக் காரணமானவற்றில் பிராட்ஃபோர்டு சம்பவமும் ஒன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தப் பீப்பாயில் எது என்று கடைக்காரருக்குத் தெரியும். அவர் எழுந்து வந்திருந்தால் சரியானதைக் கொடுத்திருப்பார். அவர் படுத்த அன்றுதான் அது நடந்தது. ஆகவே லேபிள் என்பது வைத்தவருக்காக அல்ல. அவர் இல்லாத நேரத்தில் தேடி வருபவருக்காக. "எனக்குத்தான் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தக் காலத்து லேபிளுக்கெல்லாம் பசை தடவ வேண்டும். பள்ளி நோட்டுக்குப் பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, கோந்து தடவி, பெயர், வகுப்பு, பாடம் எழுதி ஒட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். பின்தாளை உரித்து அப்படியே ஒட்டும் லேபிளை 1935-இல் அமெரிக்காவில் தயாரிக்கத் தொடங்கியவர் ஸ்டான்டன் ஏவரி. கையில் முதல் இல்லாததால், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண் 100 டாலர் கடன் கொடுத்தார். அந்தத் தொழில் உலகமெங்கும் பரவியது. இன்று பத்து, இருபது ரூபாய் கொடுத்தால் தெருமுனைக் கடையில் ஒரு தாள் ஸ்டிக்கர் கிடைக்கிறது. இனி நமக்குச் சாக்கு இல்லை.

வீடு முழுவதும் ஒட்டச் சொல்லவில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒட்டாவிட்டால் காபிதான் கெடும். கீழ்க்கண்டவற்றுக்கு மட்டும் அவசியம் ஒட்டுங்கள்.

முதலாவது, கழிவறை ஆசிட், பினாயில், கரப்பான் மருந்து. தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் இவற்றை ஊற்றி வைக்கவே கூடாது. வேறு கலனில் இருந்தால் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வேலைக்கு வருபவருக்கும் புரியும் மொழியில் எழுதுங்கள்.

இரண்டாவது, மாத்திரைகள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு சிறு கவரில் போட்டு, யாருக்கு, எந்த வேளை, எந்தத் தேதிவரை என்று எழுதி வையுங்கள்.

மூன்றாவது, மின்சாரப் பெட்டியும் தண்ணீர் வால்வும். எந்த சுவிட்ச் எந்த அறைக்கு, எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று ஒட்டிவிட்டால், நள்ளிரவில் குழாய் உடைந்தாலும் வீட்டில் யார் வேண்டுமானாலும் மூடலாம்.

நான்காவது, ஃபைல்கள். வங்கிக் கவுன்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கணவர் இறந்து சில மாதங்களில், ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் வரும் பெண்கள் எத்தனையோ பேர். எது டெபாசிட் ரசீது, எது பழைய பிரீமியம் ரசீது என்று அவர்களுக்குத் தெரியாது. பத்து ஆண்டுகள் யாரும் உரிமை கோராத வைப்புத்தொகை, 2014-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்கு மாற்றப்படுகிறது. உரியவர் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். தேடிப் பார்க்க 'உத்கம்' என்ற இணையதளத்தை 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆனால் அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாவிட்டால் யார் தேடுவார்கள்? வங்கி, இன்சூரன்ஸ், வீட்டுப் பத்திரம், மருத்துவம் என்று நாலு ஃபைல் போதும். முதுகில் பெயர், முதல் பக்கத்தில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல். ஏடிஎம் ரகசிய எண்ணை மட்டும் கார்டின் மேலேயே எழுதி ஒட்டிவிடாதீர்கள்!

லேபிள் ஒட்டும்போது தேதியும் போடுங்கள். டப்பாவில் பொருள் மாறினால் அன்றே எழுத்தையும் மாற்றுங்கள். துட்டன்காமன் பெட்டி நம் வீட்டுப் பரணில் வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். யாருக்கு எல்லாம் மனப்பாடமோ அவர் சொல்லட்டும். மற்றவர்கள் எழுதி ஒட்டட்டும். அவர் அடுத்த முறை ஊருக்குப் போகும்போதாவது நிம்மதியாக இருந்துவிட்டு வருவார்.