உண்டியலும் வங்கிப் புத்தகமும்

பேரப்பிள்ளைக்கு எந்த வங்கியில் சேமிப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம் என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வினவினார். பத்திரிகைக்காரனிடம் கேட்கவேண்டிய கேள்வி அல்ல அது. ஆயினும் வரவு செலவுத் திட்டங்களையும் வங்கிச் செய்திகளையும் பல்லாண்டு காலம் எழுதியவன் என்ற வகையில் சொல்வதற்குச் சில விடயங்கள் என்னிடமும் உள. அவை பெரும்பாலும் பழைய கதைகள்.

எமது நாட்டில் சேமிப்பு வங்கியின் கதை 1832 இல் தொடங்குகிறது. தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் காலத்தில் இலங்கைச் சேமிப்பு வங்கி உருவாயிற்று. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குச் சேமிப்பு என்றால் தபாற்கந்தோர்தான். 1885 இல் ஆரம்பமான தபாலகச் சேமிப்பு வங்கியே ஊர் ஊராகச் சென்றது. எனது தலைமுறையினர் சேமிப்பு முத்திரைகளை மறந்திருக்க மாட்டார்கள். சில சதங்களுக்கு வாங்கிய முத்திரையை அட்டையில் ஒட்டி, அட்டை நிரம்பியதும் தபாலதிபரிடம் கொண்டு சென்றால் அந்தத் தொகை புத்தகத்தில் ஏறும். தபாலதிபர் இறப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தும் சத்தத்தில் ஒரு கௌரவம் இருந்தது. பரிசு எதுவும் தரப்படவில்லை; நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இவையெல்லாம் ஒன்றிணைக்கப்பட்டு, 1971 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 1972 இல் தேசிய சேமிப்பு வங்கி பிறந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. 1970 இல் ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்களைச் செல்லுபடியற்றதாக்கி, பெட்டகங்களில் ஒளித்து வைத்திருந்தவர்களின் உறக்கத்தைக் கலைத்த அதே மார்க்சியவாதிதான் சிறுசேமிப்பாளருக்கும் ஒரு பெரிய வங்கியை ஏற்படுத்தினார் என்பது சுவையான முரண்.

அந்தச் சட்டத்தில் இரண்டு அம்சங்கள் கவனிக்கத்தக்கவை. வைப்புகளுக்கும் வட்டிக்கும் அரசு முழு உத்தரவாதம் அளித்தது. மறுபுறத்தில், வைப்புகளில் குறைந்தது 60 சதவீதத்தை அரச பிணையங்களில் முதலிடவேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அதாவது பிள்ளையின் உண்டியல் காசு அரசாங்கத்தின் கடனாகியது. உத்தரவாதம் அளிப்பவரும் கடன் வாங்குபவரும் ஒருவரே! காசு தொலையாது என்பது உண்மை. அந்தக் காசுக்கு என்ன வாங்கலாம் என்பதற்கு மட்டும் எவரும் உத்தரவாதம் தரவில்லை.

அதன் பொருள் விரைவிலேயே விளங்கியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, ரூபாவின் பெறுமதி வீழ்ந்தது. 1980 இல் பணவீக்கம் 26 சதவீதத்தைத் தாண்டியது. எழுபதுகளில் சதம் சதமாகச் சேர்த்த பிள்ளைகள் வளர்ந்து வங்கிக்குப் போனபோது, புத்தகத்தில் இருந்த எண் குறையவில்லை. கடையில்தான் அது சுருங்கியிருந்தது.

பின்னர் வந்தது போட்டிக் காலம். இலங்கை வங்கியின் ரண் கெகுளு, ஹற்றன் நஷனல் வங்கியின் சிங்கிதி, கொமர்ஷல் வங்கியின் அருணலு, செலான் வங்கியின் டிகிரி என்று பிள்ளைகளுக்காகத் தனித்தனிக் கணக்குகள் தோன்றின. பொன் மொட்டு, சின்னஞ்சிறுசு, விடியற்கதிர் என்று பொருள்படும் அழகிய சிங்களச் சொற்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் அவற்றை அப்படியே சொல்லித்தான் சேமித்தார்கள். தமிழில் ஒரு பெயர் வைக்க எவருக்கும் தோன்றவில்லை போலும். உண்டியலும் புத்தகப்பையும் கடிகாரமும் பரிசாகக் கிடைத்தன. சித்திரைப் புத்தாண்டுக் கைவிசேடத்தை வங்கியில் இடுவதும் ஒரு சம்பிரதாயமாயிற்று.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, தென்மராட்சியில் நான் கண்ட குடும்பங்கள் பல, பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பிள்ளைகளின் வங்கிப் புத்தகங்களையும் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்தன. அவற்றில் இருந்த தொகை பெரிதல்ல. ஆனால் வீட்டைத் தூக்கிச் செல்ல முடியாதவர்கள் அந்தச் சிறு புத்தகத்தைத் தூக்கிச் சென்றார்கள். பரிசாக வந்த உண்டியல்கள் வீட்டிலேயே கிடந்தன.

வங்கி என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2002 ஒக்டோபர் உணர்த்தியது. பிரமுக சேமிப்பு அபிவிருத்தி வங்கியின் நடவடிக்கைகளை மத்திய வங்கி இடைநிறுத்தியது. 2008 இறுதியில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தது. கூடிய வட்டி தேடி அங்கே பணமிட்டோர் பல்லாண்டுகள் அலைந்தனர். வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010 இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதலில் இரண்டு இலட்சம் ரூபாவாக இருந்த எல்லை 2021 இல் 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. மத்திய வங்கியிடம் அனுமதிப்பத்திரம் பெறாத நிறுவனத்துக்கு இந்தக் காப்பு இல்லை. ஆகவே கணக்குத் திறக்க முன்னர் முதலில் விசாரிக்கவேண்டியது அதைத்தான்.

எனினும் இந்தக் காப்புறுதிகளால் தீர்க்க முடியாத பிரச்சினை 2022 இல் வந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்திய ஆண்டு ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிய பொருட்களுக்கு ஏறத்தாழ 1,700 ரூபா தேவைப்பட்டது. ஓராண்டுக்கு முன் ஒற்றை இலக்க வட்டியில் இட்ட சிறுவர் சேமிப்பு என்னவாகியிருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் தொடர்ச்சியாக ஐந்து நாட்கள் மூடப்பட்டபோது பலரும் பதறினர். வங்கி வைப்புகளில் கை வைக்கப்படவில்லை. சுமை ஓய்வூதிய நிதியங்களின் மீது ஏற்றப்பட்டது.

இத்தனைக்குப் பின்னரும் பிள்ளைக்குக் கணக்கு வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். ஆனால் பரிசைப் பார்த்து வங்கியைத் தெரிவு செய்வது வீண். அந்தப் பரிசு ஒரு வருடத்தில் உடைந்துவிடும். அரச உத்தரவாதத்தைப் பெரிதாக மதிப்பவர்களுக்குத் தேசிய சேமிப்பு வங்கி இருக்கிறது. ஏனையோர் காப்புறுதி எல்லையை மனதிற்கொண்டு வட்டியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொகை சற்றுப் பெருகியதும் அதில் ஒரு பகுதியை நிலையான வைப்புக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பெருந்தொகை முழுவதையும் பதினெட்டு ஆண்டுகள் சாதாரண சேமிப்பில் உறங்க விடாதீர்கள்.

பதினெட்டு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பராய வயது எமது நாட்டில் முன்னர் இருபத்தொன்று. 1989 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டமே அதைப் பதினெட்டாக்கியது. அதற்கு முன் பணத்தை யார், எந்தத் தேவைக்காக மீளப்பெறலாம் என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். கணக்கைத் திறக்கும் அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பிள்ளையின் பெயர் ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே, எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். ஒரு ‘எச்’ கூடியதற்காகச் சத்தியக்கடதாசி முடிக்க அலைந்த இளைஞர்கள் பலரை நான் அறிவேன்.